இலாகா இல்லாத குடும்பத் தலைவர்

ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் என்று என் படம்தான் இருக்கிறது. அந்தப் பதவியோடு வந்த ஒரே அதிகாரம், மாதாமாதம் கடைக்குப் போய் கைரேகைக் கருவியில் கட்டைவிரலை அழுத்தி, 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்கி வருவது. பருப்பைச் சமையலறை வாசலில் வைத்ததும் என் ஆட்சி எல்லை முடிந்துவிடும். அதற்கு அப்பால் நான் இலாகா இல்லாத அமைச்சர். கூட்டத்தில் உட்காரலாம், தலையாட்டலாம், கோப்பில் கை வைக்கக் கூடாது.

கோப்புகள் என்றால் டப்பாக்கள். கடலைப்பருப்பு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது. பாசிப்பருப்பு பட்டர்ஸ்காட்ச் ஐஸ்கிரீம் டப்பாவில். உளுந்து இருப்பது, என் சித்தப்பா பெயர் வெட்டிய எவர்சில்வர் தூக்கில். ‘சர்க்கரை’ என்று அச்சடித்த டப்பாவில் துவரம்பருப்பு. சர்க்கரை எங்கே இருக்கிறது என்பதை டாக்டர் சொன்ன நாள் முதல் எனக்குத் தெரியாமல் வைத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டின் தர்க்கம் என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். இருட்டில் கரண்ட் இல்லாத நேரத்தில்கூடக் கை நேராகச் சரியான டப்பாவுக்குப் போகும். எனக்கோ ஒரு டப்பாவைத் திறந்தால் அடுத்த டப்பாவின் மூடியைப் போடத்தான் தோன்றும்.

செயலில் இடம் கிடைக்காதவன் என்ன செய்வான்? படிப்பான். நானும் பருப்பைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். இன்று இந்தத் தெருவில் பருப்பைப் பற்றி என்னளவுக்கு விஷயம் தெரிந்தவர் கிடையாது. அதைக் கேட்க ஆளும் கிடையாது.

துவரம்பருப்புக்கும் கடலைப்பருப்புக்கும் என்ன வித்தியாசம் என்று சமையல் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பார்த்தாலே தெரியாதா என்பார்கள். பார்த்தால் தெரியும்தான், வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டு, ஜன்னல் பக்கம் போய், உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால். துவரம்பருப்பு வட்டம், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் லேசான மேடு, முதுகு வழவழவென்று இருக்கும். கடலைப்பருப்பு அதைவிடப் பெரிது, முதுகில் சுருக்கம் உண்டு, ஓரத்தில் மூக்கு போல ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும். பட்டாணிப் பருப்புக்குச் சுருக்கமும் இல்லை, மூக்கும் இல்லை; உருண்டைப் பட்டாணியில் சரிபாதி, அவ்வளவுதான். டீக்கடை மசால் வடையில் கடலைப்பருப்பு என்று நம்பி நாம் கடிப்பது பல கடைகளில் இதைத்தான். விலை குறைவு, மொறுமொறுப்பில் குறைவில்லை. நான்காவதாக ஒரு ஆசாமி இருக்கிறார், கேசரிப் பருப்பு. ஆப்பு போலக் கோணலாக, மூலைகளோடு இருக்கும். அதையே மாதக்கணக்கில் தின்றால் கால்கள் விளங்காமல் போகும் என்பதால் 1961-ல் அதன் விற்பனைக்குத் தடை வந்தது.

இதை ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் விளக்கினேன். மனைவி என் தட்டைப் பார்த்தார். “அப்ப மூலை இருக்கான்னு பாத்துப் பாத்துச் சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு மேலே ரசத்தை ஊற்றினார். ரசத்துக்கு அடியில் மூலை தெரியவில்லை.

எங்கள் திருமணமே இரண்டு பருப்புகளுக்கு இடையில் நடந்த ஒப்பந்தம். நான் பொள்ளாச்சிப் பக்கம். எங்கள் ஊரில் அரிசிம்பருப்பு சாதமும் கொள்ளுப் பருப்பும் இருந்தால் உலகத்தில் வேறு குறை கிடையாது. அவர் திருநெல்வேலி. கறுப்பு உளுந்தை உடைத்து, வறுத்து, அரிசியோடு தேங்காயும் பூண்டும் வெந்தயமும் போட்டு உளுந்தம்பருப்பு சோறு ஆக்கி, எள்ளுத் துவையலோடு சாப்பிடுகிற ஊர். பெண் பிள்ளைகளுக்கு உளுந்தங்களியைக் கருப்பட்டியும் நல்லெண்ணெயுமாகக் கிண்டிக் கொடுத்தே இடுப்பைத் தேற்றிவிடுகிற ஊர். மறுவீட்டு விருந்தில் எனக்குச் சொதி வைத்தார்கள். பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்கிற அந்த மாப்பிள்ளை மரியாதையை முன்னே வைத்துக்கொண்டு நான் சாம்பாருக்காகக் காத்திருந்தேன். பிடித்திருக்கிறதா என்று மாமனார் கேட்டார். “நல்லா இருக்குதுங்க, பருப்புதான் கொஞ்சம் வெளுத்திருக்குது” என்றேன். அந்த வாக்கியம் இன்றும் அந்தக் குடும்பத்தின் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் மேற்கோள் காட்டப்படுகிறது.

பதிலடி கொடுக்க எனக்கு ஒரே ஒரு ஆயுதம் இருந்தது. உளுந்தைப் பற்றி அவர்கள் பெருமை பேசிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்தேன்.

“உளுந்து வேணும்னா உங்க ஊரா இருக்கட்டும். அதை ஆட்டுற கிரைண்டர் எங்க ஊரு. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்குது, தெரியுமா?”

“சரிதான். ஆட்டின கிரைண்டரைக் கழுவுறது எந்த ஊரு?”

அன்றிலிருந்து கழுவுவதும் கோயம்புத்தூர் மாவட்டம்தான்.

கழுவுகிறவன் என்ற முறையில் உளுந்தைப் பற்றி எனக்கு நெருக்கமான அனுபவம் உண்டு. மற்ற எந்தப் பருப்பை அரைத்தாலும் அது அரைத்த பருப்பாக இருக்கும். உளுந்து மட்டும் பொங்கும். கல்லில் ஒட்டிய மாவைத் தண்ணீர் ஊற்றி வழித்தால் கைக்குக் கை நூல் விடும். அதில் இருக்கும் கோந்துப் பொருளும் புரதமும் சேர்ந்து காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. லூக்கோனோஸ்டாக் என்ற நுண்ணுயிர் ராத்திரி முழுக்க வேலை பார்த்து விடுகிற வாயுவையும் அதே கோந்துதான் வெளியே போகவிடாமல் தேக்குகிறது. இட்லி மெத்தென்று இருப்பதன் ரகசியம் இவ்வளவுதான். கடலைப்பருப்பை எவ்வளவு நேரம் ஆட்டினாலும் இந்த வித்தை வராது.

வடைக்கு ஆட்டும்போது மாமியார் ஒரு காரியம் செய்வார். கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, சுண்டைக்காய் அளவு மாவைக் கிள்ளிப் போடுவார். அது அடியில் போய் உட்கார்ந்தால் கிரைண்டர் இன்னும் ஓடும். மிதந்தால் நிறுத்தம். நான் பக்கத்தில் நின்று, மாவுக்குள் காற்று போதுமான அளவு சிக்கியதால் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைந்துவிட்டது என்று ஆரம்பித்தேன். அவர் முழுவதும் கேட்டார். மருமகன் பேசும்போது குறுக்கே பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. முடித்ததும், “அதாம் மாப்ள, மெதக்குதுல்லா?” என்றார்.

ஆராய்ச்சி நிலையம் வரைக்கும் போய்ப் பார்த்தாயிற்று. தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் புதுக்கோட்டை மாவட்டத்தில் வம்பன் என்ற ஊரில் இருக்கிறது. அங்கே உருவான உளுந்து ரகங்களுக்கு ஊர்ப் பெயரையே வைத்து, வம்பன் 8 என்பது போல எண் கொடுத்துவிடுவார்கள். அடுத்த முறை கடையில் வம்பன் உளுந்து கிடைக்கிறதா என்று விசாரிக்கலாமே என்று வீட்டில் யோசனை சொன்னேன்.

“வெளியேருந்து வேற வாங்கணுமா? இருக்கிற வம்பன் போதாதா?”

கடை என்றதும் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சிக்கு நாசரேத் பக்கம். அவருக்கும் என் மனைவிக்கும் நடுவே ஊர்ப்பாசத்தில் ஒரு ரகசிய ஒப்பந்தம் இருக்கிறது. என் கையில் சீட்டு இருக்கும். ‘பருப்பு 2, பாசி 1, உளுந்து 2, க.பருப்பு அரை, உ.கடலை கால்’. வெறுமனே பருப்பு என்று எழுதினால் அது துவரம்பருப்பு. மற்றவையெல்லாம் அடைமொழி போட்டுத்தான் வர வேண்டும். (யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் வீட்டில் இதே சீட்டைக் கொடுத்தால் மைசூர்ப் பருப்புதான் வரும். அவர்களுக்கு அதுதான் பருப்பு.) அண்ணாச்சி சீட்டை வாங்கி ஒரு பார்வை பார்ப்பார். பிறகு சீட்டில் இல்லாததையெல்லாம் என்னிடம் கேட்பார்.

“உளுந்து உருட்டா, ஒடைச்சதா? தொலியோடயா? அக்கா சொல்லி விட்டாவளா?”

“இட்லிக்கு” என்பேன், ரொம்பத் தெரிந்தவனாக.

“இட்லிக்கின்னா உருட்டுதான். களிக்கும்னா தொலி உளுந்துல்லா? எதுக்கும் அக்காட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க சார்.” அதற்குள் அவரே போன் போட்டிருப்பார். இரண்டு பேரும் உளுந்தில் ஆரம்பித்து, கோயில் கொடை எப்போது என்பதில் முடிப்பார்கள். நான் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் ஷாம்பு சரத்தைப் படித்துக்கொண்டு நிற்பேன்.

ஒருமுறை என் பங்குக்கு ஒரு கேள்வி போட்டேன். “இந்தத் துவரம்பருப்பு மொசாம்பிக் பருப்பா அண்ணாச்சி?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இல்ல சார், விருதுநகர் பருப்பு.”

இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்பதுதான் இதில் வேடிக்கை. உலகத்திலேயே பருப்பை அதிகம் விளைவிப்பதும் இந்தியா, அதிகம் தின்பதும் இந்தியா, போதாமல் இறக்குமதி செய்வதும் இந்தியா. 2016-ல் மொசாம்பிக் நாட்டோடு ஒப்பந்தம் போட்டு, ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னில் தொடங்கி இரண்டு லட்சம் டன் வரை துவரை உள்ளிட்ட பருப்புகளை வாங்குவதாக முடிவானது. ஆப்பிரிக்காவில் விளைந்து, கப்பல் ஏறி வந்து, விருதுநகர் வியாபாரி கைக்குப் போய் மூட்டை மாறினால் அது விருதுநகர் பருப்புதானே? விருதுநகர்ச் சந்தை நிலவரத்தைப் பேப்பரில் பார்த்துத்தான் பாதித் தமிழ்நாடு பருப்புக்கு விலை சொல்கிறது. இதையெல்லாம் அண்ணாச்சியிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். பின்னால் நின்ற அம்மாள், “ஒரு ஷாம்பு குடுத்து அனுப்புங்க அண்ணாச்சி, எவ்ளோ நேரம்தான் அவரும் பாப்பாரு” என்றார்.

மொசாம்பிக்கோடு ஒப்பந்தம் போடுகிற நிலைமை ஏன் வந்தது என்பது 2015-ல் குடும்பம் நடத்தியவர்களுக்குத் தெரியும். 2014, 2015 என்று அடுத்தடுத்து மழை பொய்த்தது. துவரை ஐந்தாறு மாதப் பயிர். தட்டுப்பாடு என்று தெரிந்ததும் இன்று விதைத்து நாளைக்கு அறுக்க முடியாது. தீபாவளியை ஒட்டிக் கிலோ 200 ரூபாய்க்குப் போனது. எங்கள் வீட்டில் முதலில் சாம்பாருக்குப் பாதித் துவரம்பருப்பும் பாதிப் பாசிப்பருப்பும் என்று கூட்டணி ஆட்சி வந்தது. பிறகு மைசூர்ப் பருப்பு வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தது. ஊறப்போடாமலே வெந்து, ஆரஞ்சு நிறத்தில் உள்ளே போய் மஞ்சளாக வெளியே வருகிற அந்தப் பருப்பைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மூன்றாவது கட்டத்தில் எந்தப் பருப்பு என்று கேட்கவே அவசியம் இல்லாமல் போயிற்று.

“சாம்பார்ல என் மொகம் தெரியுது” என்றேன்.

“தெரியுதுல்ல, ஷேவ் பண்ணுங்க” என்றார்.

முழுப் பயறு பருப்பாக மாறுகிற இடம்தான் இதில் எனக்கு உண்மையாகவே தெரிந்த ஒரே துறை, கையால் செய்திருப்பதால். கடலையும் பட்டாணியும் மைசூர்ப் பருப்பும் சொன்ன பேச்சு கேட்கும். தோல் சுலபமாகக் கழலும். துவரையும் உளுந்தும் பிடிவாதக்காரர்கள். தோலுக்கும் பருப்புக்கும் நடுவே ஒரு கோந்து இருக்கிறது, லேசில் விடாது. அதற்காக என் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்றவர், துவரையை ஊறவைத்து, வடித்து, செம்மண்ணைக் குழைத்துப் பிசைவார். செம்மண் கட்டுவது என்று அதற்குப் பெயர். ஒரு ராத்திரி குவித்து மூடி வைத்து, மறுநாள் களத்தில் காயப்போட்டு, மண்ணைச் சலித்துவிட்டுத் திருகையில் போட்டால், மேல்கல் ஒரு சுற்று சுற்றும்போதே ‘கறகற’ என்று இரண்டாகப் பிளக்கும். திருகையின் குச்சியைப் பிடித்துச் சுற்றுவது என் வேலை. அம்மாயி முறத்தில் புடைத்தால் பருப்பு ஒரு பக்கம், குருணை ஒரு பக்கம், துவரம் பொட்டு ஒரு பக்கம். பருப்பு எங்களுக்கு, பொட்டு மாட்டுக்கு. குருணை ரசத்துக்கு. அந்தப் பருப்பு குழைந்தால் மணம் வாசல் வரைக்கும் வரும்.

அந்த மணத்தை நினைத்துக்கொண்டுதான் இயற்கை அங்காடி ஒன்றில் ‘பாரம்பரியச் செம்மண் கட்டிய துவரம்பருப்பு’ என்று எழுதிய பொட்டலத்தை, விலையைப் பார்க்காத மாதிரி வாங்கி வந்தேன். மனைவி மூன்று தண்ணீர் கழுவினார். மூன்று தண்ணீரும் சிவப்பாக வந்தது. “மண்ணைக் கிலோ கணக்குல வாங்கிருக்கீங்க. தொட்டில போட்டா துளசியாவது மொளைக்கும்” என்றார். ஆனால் அன்றைய சாம்பாரை அவர் இரண்டாவது முறை ஊற்றிக்கொண்டதை நான் பார்த்தேன். சொல்லவில்லை. நாற்பது வயதுக்கு மேல் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

பருப்பு வேகாததற்கும் அறிவியல் காரணம் உண்டு. நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அது பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினோடு கைகோத்துக்கொண்டால் எத்தனை விசில் விட்டாலும் பருப்பு குழையாது. புளியை முன்னாலேயே ஊற்றினாலும் இதே கதிதான். புளிப்பு பருப்பை இறுக்கிவிடும். வெயிலிலும் ஈரத்திலும் நாள்பட்டுக் கிடந்த பருப்பும் இப்படித்தான் கல்லாகும். இந்த மூன்று உண்மைகளையும் திரட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் சமையலறை வாசலுக்குப் போனேன். குக்கரில் கேன் தண்ணீர் ஊற்றப்பட்டிருந்தது. புளி தனியாக ஊறிக்கொண்டிருந்தது. பழைய பருப்பு எப்போதோ பொடிக்குப் போயிருந்தது. மஞ்சள்தூளும் ஒரு சொட்டு நல்லெண்ணெயும் விட்டு மூடியை முறுக்கியபடி, “என்ன?” என்றார். “ஒண்ணுமில்ல, விசில் எண்ணட்டுமா?” என்றேன். என் பருப்பு வேகாத ஒரே தண்ணீர் எங்கள் வீட்டுத் தண்ணீர்தான்.

முழுப் பயறுகளில் வண்டு விழும். பாசிப்பயறின் பச்சைத் தோலில் கடுகைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை. அதிலிருந்து வரும் புழு உள்ளேயே தின்று வளர்ந்து, வட்டமாக ஒரு கதவு வெட்டிக்கொண்டு வண்டாக வெளியே வரும். உடைத்த பருப்பு அதற்கு அவ்வளவாகப் பிடிக்காது. தோலோடு முழுதாக இருந்தால்தான் முட்டையிடத் தோதாக இருக்கும். டப்பாவில் வசம்பும் காய்ந்த மிளகாயும் போட்டு வைப்பதோடு, நல்ல வெயிலில் எல்லாவற்றையும் மொட்டைமாடியில் உலர்த்துவதும் உண்டு. இந்த ஒரு துறையில் எனக்கு முழுப் பொறுப்பு. பழைய வேட்டியில் பயறுகளைப் பரப்பிவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து புறா விரட்ட வேண்டும். புறாக்களுக்கு என் மேல் பயம் இல்லை. என் மனைவியின் மெட்டிச் சத்தம் படியில் கேட்டால் மட்டும் பறந்துவிடும்.

இத்தனை படிப்புக்கும் கடைசியில் ஒரு வாய்ப்பு வந்தது. மகளுக்குப் பள்ளியில் ‘பயறு, பருப்பு வகைகள்’ என்று சார்ட் ஒட்டிவரச் சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்குத் தெரியும் என்று அவளே சொன்னாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். முதல் முறையாக எல்லா டப்பாக்களும் அதிகாரபூர்வமாகக் கூடத்துக்கு வந்தன. பெவிகால் பூசிப் பருப்புகளை வரிசையாக ஒட்டினோம். துவரைக்குக் கீழே ‘கஜானஸ் கஜான்’, பாசிக்குக் கீழே ‘விக்னா ரேடியேட்டா’, உளுந்துக்குக் கீழே ‘விக்னா முங்கோ’. வடக்கே மூங் என்றால் பாசிப்பயறு. முங்கோ என்ற பெயரோ உளுந்துக்குப் போய்விட்டது. பெயர் வைத்த லின்னேயஸ் வீட்டிலும் ஹார்லிக்ஸ் பாட்டில் குழப்பம் இருந்திருக்க வேண்டும். “இங்லீஷ் பேரும் தமிழ்ப் பேரும் போதும்னு மிஸ் சொன்னாங்க” என்றாள் மகள். உலகம் எப்போதும் போதும் என்கிற இடத்தில்தான் நான் ஆரம்பிக்கிறேன்.

ராத்திரி சார்ட்டைச் சுவரில் சாய்த்து வைத்து, எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் வெற்றிலைப் பெட்டியோடு வந்து பக்கத்தில் நின்றார். வரிசையாகப் படித்தார். துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, உளுந்து, பாசிப்பருப்பு. ஓரத்தில் இடம் மிச்சமிருந்ததால் நான் ஒட்டிவைத்த பச்சரிசியைக்கூட விடவில்லை. பிறகு முகம் மலர்ந்து சொன்னார்:

“அம்சமா செஞ்சிருக்கிய மாப்ள. கூட நாலு வத்தலையும் ஒட்டிட்டியன்னா, அப்படியே ஊறப்போட்டு அடை சுட்டுரலாம்லா?”